பெயருக்குள் ஒரு வாக்கியம்: மாவோரிச் சொற்களும் இடப்பெயர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் வைட்டஙி என்று ஓர் இடம் இருக்கிறது. 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியும் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது அங்கேதான். தெற்குத் தீவில் வைட்டக்கி என்று ஓர் ஆறு. அஒரக்கி மலையைச் சுற்றியுள்ள பனியாறுகள் உருகி, பல ஏரிகளைக் கடந்து, கிழக்குக் கடலில் போய்ச் சேர்கிற ஆறு அது. வைட்டஙிக்கும் வைட்டக்கியின் முகத்துவாரத்துக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆனால் இரண்டும் ஒரே பெயர். வை என்றால் நீர். டஙி என்றால் அழுவது, ஒலிப்பதும் டஙிதான். அழுகின்ற நீர், ஒலிக்கின்ற நீர் என்று எப்படி வேண்டுமானாலும் கொள்ளலாம்.

பிறகு ஏன் ஒன்று டஙி, ஒன்று டக்கி? தெற்குத் தீவின் பெரும்பகுதி ஙாய் டஹு என்ற குலத்தாருடையது. அவர்களுடைய பேச்சில் வடக்கத்தி 'ங' எல்லாம் 'க' ஆகிவிடும். தங்கள் குலத்தின் பெயரையே அவர்கள் காய் டஹு என்றுதான் சொல்வார்கள். அஒரக்கி என்ற மலைப்பெயரும் அப்படித்தான். வடக்கே அது அஒரஙி. அஒ மேகம், ரஙி வானம். 3724 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தை ஆங்கிலேயர் குக் மலை என்றார்கள். 1998இல் ஙாய் டஹு மக்களோடு அரசு செய்துகொண்ட தீர்வுச் சட்டம், அஒரக்கி என்ற பெயரை முன்னால் வைத்து இரண்டையும் சேர்த்து எழுத வழி செய்தது. வைட்டக்கி ஆற்று நீரை அஒரக்கியின் கண்ணீர் என்றும் அந்த மக்கள் சொல்வதுண்டு. டஙி என்ற சொல் அங்கே வீணாக வந்து உட்காரவில்லை.

இந்த ஒரு சோடியை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. மாவோரிப் பெயரைத் திறக்க அகராதியைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். முதலில் ஒலி சரியாக இருக்க வேண்டும். ஒலி பிசகினால் வெட்டுகிற இடம் பிசகும். வெட்டுகிற இடம் பிசகினால் அகராதி வேறு சொல்லைத்தான் காட்டும்.

ஒலியில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மாவோரி எழுத்துகள் மொத்தம் 15. உயிர் ஐந்து, மெய் பத்து. அந்த ஐந்து உயிரும் குறிலாகவும் வரும், நெடிலாகவும் வரும். அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ. அப்படியே நம்முடைய உயிரெழுத்து வரிசை! எ, ஒ இரண்டுக்கும் குறில் தனி, நெடில் தனி என்று எழுத்து வைத்திருக்கிற நமக்கு இது கைவந்த கலை. ரோமன் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட உயிரின் தலையில் ஒரு கோடு போடுகிறார்கள். அதற்கு டொஹுட்டோ என்று பெயர். நெடுங்காலம் வரைபடங்களும் சாலைப் பலகைகளும் அந்தக் கோட்டை விட்டுவிட்டே எழுதின. கோடு போனால் என்ன ஆகும்? கெக்கெ என்றால் கேக். கேக்கே என்றால் அக்குள். வஹிநெ ஒரு பெண். வாஹிநெ பல பெண்கள். பப்ப என்றால் பலகை, தட்டை நிலம். பாப்பா என்றால் அப்பா. 2019இல் அந்நாட்டின் புவியியற்பெயர் வாரியம் ஏராளமான ஊர்ப்பெயர்களுக்கு நெடிற்கோட்டை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது.

அடுத்த வசதி, ங. நம் நெடுங்கணக்கில் ங வரிசை முழுக்க இருக்கிறது. ஆனால் 'இங்ஙனம்' என்று கடிதம் முடிக்கும்போது தவிர அது தனியாக வாயில் வருவதில்லை. மாவோரியில் அது சொல்லின் முதலிலேயே வரும். ஙா என்றால் பன்மைப் பொருளைச் சுட்டுகிற 'அந்த'. ஙா மொட்டு என்றால் அந்தத் தீவுகள். நியூ பிளிமத் நகரத்தின் மாவோரிப் பெயர் அதுதான். இங்ஙனத்தில் வருகிற ங-வை எடுத்துச் சொல்லின் தலையில் வைத்துப் பழகினால் போதும்.

நம் நாக்கு தடுக்குகிற இடங்களும் இருக்கின்றன. 'தங்கம்' என்கிறபோது ங-வுக்குப் பின் ஒரு க வருகிறதல்லவா, அதே பழக்கத்தில் வைட்டங்கி என்று சொல்லிவிடுவோம். அங்கே க கிடையாது. இரண்டாவது, உயிருக்கு நடுவில் வரும் ஒற்றைக் க, ட, ப மூன்றையும் நாம் மெலிதாக்கிவிடுவோம். 'அகம்', 'படம்' சொல்லிப் பாருங்கள், தெரியும். மாவோரியில் இவை எங்கே வந்தாலும் வல்லினமாகவே நிற்கும். வைகடொ என்று எழுதினால் ஒலி கெட்டுவிடும். வைக்கட்டொ என்று இரட்டித்து எழுதினால் கிட்டத்தட்ட சரியாக வரும். மூன்றாவதுதான் பெரிய தடுக்கல், உடம்படுமெய். திரு, ஆரூர் சேர்ந்தால் நமக்குத் திருவாரூர். இரண்டு உயிர் ஒட்டி நின்றால் நடுவில் ஒரு வ-வோ ய-வோ தானாக வந்து உட்கார்ந்துவிடும். மாவோரியில் உயிரும் உயிரும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே நிற்கும். நாட்டின் பெயரையே பாருங்கள்: அஒ, டெஅ, ரொஅ. மேகம், வெண்மை, நீளம். நீண்ட வெண்மேகம். இதை ஆவோட்டியரோவா என்று சொன்னால் மூன்று சொல்லும் கரைந்துபோகும். மாவோரி என்று நாம் சொல்வதும் உண்மையில் மாஒரிதான். அதற்கு இயல்பான, வழக்கமான என்று பொருள். குடிக்கத் தக்க நன்னீரை வை மாஒரி என்பார்கள். கடல்நீர் வை டை. தமிழில் மாவோரி என்று நிலைத்துவிட்டதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

மாவோரியை எழுத்தில் அமைத்ததில் முக்கியமான ஆண்டு 1820. ஹொஙி ஹிக்க, வைக்கட்டொ என்ற இரண்டு தலைவர்கள் தாமஸ் கெண்டல் என்ற பாதிரியாருடன் இங்கிலாந்து போனார்கள். கேம்பிரிட்ஜில் சாமுவேல் லீ என்ற மொழிப் பேராசிரியர் அவர்களோடு உட்கார்ந்து இலக்கணமும் சொற்பட்டியலும் அமைத்தார். அந்த அடிப்படை பெரும்பாலும் நிலைத்தது. சிக்கலாகவே இருந்துவந்த ஒலி ஒன்று உண்டு. ரோமன் எழுத்தில் w, h என்று இரண்டு எழுத்தாக எழுதுகிற அதைப் பெரும்பாலான ஊர்களில் இன்று ஃப என்று ஒலிக்கிறார்கள். ஃபங என்றால் வளைகுடா, துறைமுகம்; நுஇ என்றால் பெரிய. ஃபஙநுஇ, பெரிய துறை. வடக்குத் தீவில் ஓர் ஆற்றுக்கும் அதன் கரையிலுள்ள ஊருக்கும் அதுதான் பெயர். ஆனால் அந்த ஆற்றங்கரை மக்களின் வாயில் அது ஃப அல்ல. வ சொல்லும்போது தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறப்பது போன்ற ஒலி. வெளியார் காதில் வெறும் வ என்று விழ, h-ஐ விட்டுவிட்டு வஙநுஇ என்றே எழுதிவிட்டார்கள். எழுதியபடி அது வேறு சொல். துறை என்ற பொருள் அதில் இல்லை. ஆற்றின் பெயரை 1991இல் திருத்தினார்கள். ஊரின் பெயருக்கு 2009இல் இரண்டு வடிவமும் செல்லும் என்றார்கள். 2015இல் மாவட்டத்தின் பெயரும் திருத்தமானது. ஓர் எழுத்துக்கு அத்தனை ஆண்டு வாதாடினார்கள். அந்த எழுத்து இல்லாவிட்டால் பெயரில் துறையே இல்லை என்னும்போது வாதாடியது நியாயம்.

இனி பெயரை வெட்டிப் பார்ப்போம். அதிகம் கண்ணில் படுவது வை. வைரொஅ, நீண்ட நீர். வைமக்கரிரி, குளிர்ந்த நீர். வைமட்டெ, செத்த நீர். அதாவது ஓடாமல் தேங்கிய நீர். வைட்டொமொ என்ற ஊருக்குச் சுண்ணாம்புக் குகைகளில் ஒளிரும் புழுக்களைப் பார்க்கப் பயணிகள் போகிறார்கள். டொமொ என்றால் நிலத்தில் விழுந்த குழி, நுழைவாய். நீர் குழிக்குள் நுழைகிற இடம். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஓடை திடீரென்று தரைக்குள் மறைகிறதே, அதை அப்படியே சொல்கிற பெயர். வைக்கரெமொஅந இன்னும் அழகு: கரெ சிற்றலை, மொஅந கடல். சிற்றலை ஓடும் நீர்க்கடல். அது ஓர் ஏரி.

வை போல எல்லாம் ஒரே பொருளில் நின்றுவிட்டால் வேலை எளிது. அப்படி நிற்பதில்லை. ருஅ என்ற சொல்லைப் பாருங்கள். இரண்டு என்றும் பொருள், குழி என்றும் பொருள். ரொட்டொருஅ என்ற ஊரில் ரொட்டொ ஏரி. இஹெங என்ற முன்னோர் அந்த வட்டாரத்தில் முதலில் ஒரு சிறிய ஏரியைக் கண்டார். அது ரொட்டொஇட்டி, இட்டி என்றால் சிறிய. அடுத்து கண்டது ரொட்டொருஅ, இரண்டாவது ஏரி. இங்கே ருஅ இரண்டு. ஙாருஅவாஹிஅ என்ற ஊரிலோ ருஅ குழி. ஙா ருஅ, அந்தக் குழிகள். வாஹிஅ, உடைத்துத் திற. விருந்தாளிகளுக்குப் படைப்பதற்காகக் கிழங்கு சேமித்த குழிகளைத் திறக்கச் சொன்ன கட்டளைதான் ஊரின் பெயர். முன்னால் ஙா இருப்பதைக் கவனித்தால் 'இரண்டு' என்று படிக்க மாட்டோம். இந்தச் சின்னச் சொற்கள்தான் வழிகாட்டும்.

ஃபக்க என்ற முன்னொட்டில் விழாத ஆள் குறைவு. பெரும்பாலும் அது நம் பிறவினை போல: ஒன்றைச் செய்விப்பது, ஒன்றாக ஆக்குவது. டாநெ என்றால் ஆண். ஃபக்கட்டாநெ, ஆணாக நடந்துகொள்வது. மாட்டாட்டுஅ என்ற படகு கரை சேர்ந்து, ஆண்கள் எல்லாம் இறங்கிப் போனபின் பெண்களோடு கடலுக்குள் இழுபட்டது. துடுப்பைத் தொடப் பெண்களுக்கு அனுமதி இல்லாத காலம். வைரக்க என்ற பெண், நான் ஆணைப் போல் நடந்துகொள்கிறேன் என்று சொல்லித் துடுப்பை எடுத்துப் படகைக் கரை சேர்த்தாள் என்பது அவ்வூரின் வரலாறு. அவள் சொன்ன வாக்கியத்தின் வினைச்சொல்தான் ஊரின் பெயராக நிற்கிறது. இதே ஃபக்கவைத் தெற்கே ஃபக்கரௌப்போவில் பார்த்தால் என்ன செய்வது? ரௌப்போ ஒரு கோரை. கோரையாக ஆக்குவதா? இல்லை. தெற்கே ங, க ஆகும் என்று முதலில் சொன்னேனே, அந்த விதி இங்கே வேலை செய்கிறது. இது ஃபங, துறை. கோரைத் துறை. லிட்டில்டன் துறைமுகத்தின் பெயர் அது. பக்கத்திலுள்ள அக்கரொஅ இன்னும் ஒரு படி தேய்ந்தது. வடக்கே ஃபஙரொஅ, நீண்ட துறை. தெற்கே ங, க ஆனது. முதலெழுத்தின் ஒலியும் உதிர்ந்தது. எந்தத் தீவில் நிற்கிறோம் என்று தெரியாமல் ஒரு பெயரைப் பிரிக்கவே கூடாது.

வெட்டும் இடத்துக்கு இன்னும் இரண்டு அடையாளங்கள் சொல்லிவிடுகிறேன். பெயர் நெடில் ஓ-வில் தொடங்கினால், பெரும்பாலும் பின்னால் ஓர் ஆளின் பெயர் இருக்கும். இன்னாருடைய இடம் என்று பொருள். கிறைஸ்ட்சர்ச் நகரம் ஓட்டௌட்டஹி, டௌட்டஹி என்ற தலைவரின் இடம். பெயரின் நடுவில் நுஇ-அ என்று வந்தால், அதற்குப் பின்னால் வருவதும் ஆள்தான். வெலிங்டன் துறைமுகம் டெ ஃபஙநுஇ-அ-டர: டர என்பவரின் பெருந்துறை. டௌப்போ ஏரியின் முழுப்பெயர் டௌப்போநுஇ-அ-டிஅ. இதில் டௌ, போ என்று வெட்டிவிட்டால் போ என்பதற்கு இரவு என்று அகராதி சொல்லும். இரவு தங்கிய இடம் என்று ஒரு கதை கட்டிவிடலாம். டௌப்போ ஒரே சொல், ஒரு வகை மேலாடை. ஏரிக்கரையில் ஒரு பாறைமுகப்பு டிஅ அணிந்திருந்த மேலாடை போல் இருந்ததால் வந்த பெயர். முழுப்பெயர் கிடைத்தால் சிறுபெயரை நம்பி ஊகிக்க வேண்டியதில்லை.

பெயர்கள் தனித்தனியாக நிற்பதில்லை என்பதற்கு ஹௌநுஇ-அ-நநைஅ என்ற முன்னோரின் பயணத்தைத்தான் சொல்ல வேண்டும். ஓடிப்போன மனைவியைத் தேடி அவர் வடக்குத் தீவின் மேற்குக் கரையோடு தெற்கே நடந்தார். வழியில் ஒவ்வோர் ஆற்றுக்கும் பெயர் வைத்தார். நீரைச் சிதறடித்துக் கடந்தது ஃபஙஎஹு. குறுக்கே மரத்தைச் சாய்த்துக் கடந்தது டுரக்கிந. டுரக்கி என்றால் தள்ளிச் சாய்ப்பது, கடைசியில் உள்ள 'ந' செயப்பாட்டு விகுதி. காலை எட்டிப் போட்டு நடந்தது ரஙிட்டீக்கெஇ. அடுத்து வந்த ஆற்றின் அகலத்தைப் பார்த்ததும் நெஞ்சே நின்றுவிட்டது: மநவ நெஞ்சு, டூ நிற்பது, மநவட்டூ. அதற்கடுத்த சிற்றாற்றுக்குத் தன் பெயரையே வைத்தார், ஓஹௌ. கைத்தடியை ஏந்தியது ஓட்டக்கி. இந்த ஆறுகளை வரைபடத்தில் வடக்கிலிருந்து தெற்காக வைத்துப் பாருங்கள். ஃபஙஎஹு, டுரக்கிந, ரஙிட்டீக்கெஇ, மநவட்டூ, ஓஹௌ, ஓட்டக்கி. அதே வரிசை! பாட்டாகப் பாடிக் குழந்தைக்குச் சொல்லிவைத்தால், காகிதம் இல்லாமல் அந்தக் கரை முழுவதையும் நடந்துவிடலாம். எத்தனையாவது ஆற்றில் இருக்கிறோம், அடுத்தது கடக்கக் கடினமா எளிதா என்பதும் அதிலேயே இருக்கிறது.

மனைவியைக் கண்ட கடற்கரையில் அவள் பாறையானாள் என்பது மரபு. அவள் பெயரும் வைரக்கதான். ஃபக்கட்டாநெயில் துடுப்பெடுத்தவள் வேறொருத்தி. அதன்பின் ஹௌநுஇ கிழக்கே ஒரு மலைத்தொடரில் ஏறி உட்கார்ந்து இளைப்பாறினார். அந்த இடம் ரெமுட்டக்க. அங்கிருந்து பார்த்தபோது கீழே பளபளத்த ஏரி வைரரப்ப. ரரப்ப என்றால் பளிச்சிடுவது. ரெமுட்டக்கவைப் பிற்காலத்தில் ரிமுட்டக்க என்று எழுதிவிட்டார்கள். ஓர் எ, இ ஆனது, அவ்வளவுதான். ஆனால் ரிமு என்பது ஒரு மரம். விழுந்த ரிமு மரம் என்று ஒரு போலிப் பொருள் முளைத்தது. ஹௌநுஇ உட்கார்ந்த இடம் கதையிலிருந்து காணாமல் போனது. 2017இல்தான் அதிகாரபூர்வமாக ரெமுட்டக்க என்று மீட்டார்கள்.

நியூசிலாந்து என்றதும் பலர் கேட்பது அந்த நீளமான பெயரைத்தான். ஹாக்ஸ் பே வட்டாரத்தின் தெற்கில், போரஙஹௌ ஊருக்கு அருகில், 305 மீட்டர் உயரக் குன்று. ரோமன் எழுத்தில் 85 எழுத்துகள். மூச்சுப் பிடித்து ஒப்பிப்பதைவிட, நிதானமாகப் பிரித்துப் பார்ப்பதுதான் அதற்குச் செய்கிற மரியாதை. டௌமட்ட, குன்றின் நெற்றி. அடுத்து ஃபக்கட்டஙிஹங. இதில் நமக்குத் தெரிந்த இரண்டு சொற்கள் இருக்கின்றன. டஙி, ஒலிப்பது அழுவது, ஃபக்க, பிறவினை, ஹங, தொழிற்பெயர் விகுதி. ஆக, ஒலிக்கச் செய்தல், வாசித்தல். கோஔஔ, சிறு குழல். மரத்திலோ எலும்பிலோ செய்து, மூன்று துளை போட்ட, ஒரு சாணுக்கு மேல் போகாத குழல். ஒ டமட்டெஅ, டமட்டெஅ என்பவருடைய. அதன்பின் வருவதெல்லாம் அவருக்கு அடைமொழி: டுரி பூக்கக்க, பெருத்த முழங்கால், பிக்கி மௌங, மலை ஏறுபவர், ஹொரொ நுக்கு, நிலத்தை விழுங்குபவர், போக்கை ஃபெநுஅ, நாடு சுற்றுபவர். கடைசியில் கி டந டஹு, தன் அன்புக்குரியவருக்காக. போரில் இறந்த சகோதரனை நினைத்து டமட்டெஅ அந்தக் குன்றில் உட்கார்ந்து குழல் வாசித்தார் என்பது மரபு. நம் மெய்க்கீர்த்திகளில் வருவது போல அடைமொழிகள் நடுவில் அடுக்கி நிற்க, முழுதும் ஒரே வாக்கியம். ஒப்பாரியும் இசையும் ஒரே சொல்லாக இருக்கிற மொழியில் டஙி என்ற சொல் அங்கே இரண்டு வேலையும் செய்கிறது.

பெயர் வைப்பது நிலத்தை உரிமை கொள்வதற்கும் வழி. அதற்கு டௌநஹ என்று பெயர். முன்னோர் வந்த டெ அரவ என்ற படகு கரையை நெருங்கியபோது தலைவர்கள் எழுந்து நின்று நிலத்தைத் தங்கள் உடலாகவும் பிள்ளைகளின் உடலாகவும் பெயரிட்டார்கள். மக்கெட்டூ என்ற இடத்தின் நிலமுனையை டமட்டெக்கப்புஅ என்ற தலைவர் தன் மூக்கு என்றார். நாம் மேலே பார்த்த அதே டிஅ, உள்நிலத்தைத் தன் மகன் டப்புஇக்கவின் வயிறு என்றார். ஒருவருடைய மூக்கின் மேல் போய் யார் வீடு கட்டுவார்கள்? புவியியற்பெயர் வாரியத்தின் மாவோரிப் பெயரில் இந்தச் சொல் இன்றும் இருக்கிறது: ஙா போஉ டௌநஹ ஒ அஒட்டெஅரொஅ.

இங்கே இலக்கணத்தில் ஒரு நுட்பம். நம்முடைய 'உடைய' என்பதற்கு மாவோரியில் இரண்டு சொற்கள்: அ, ஒ. நான் பிடித்தது, சமைத்தது, பெற்ற பிள்ளை, கையாளும் கருவி, இவற்றுக்கு அ. என்னைத் தாங்குவது, மூடுவது, சுமப்பது, அதாவது பெற்றோர், வீடு, நிலம், உடை, படகு, இவற்றுக்கும் உடல் உறுப்புக்கும் ஒன்றின் பகுதிக்கும் ஒ. வடக்குத் தீவின் பெயர் டெ இக்க அ மாஉஇ, மாஉஇ என்ற புராண வீரர் பிடித்த மீன், பிடித்ததால் அ. மூக்கு உறுப்பு, அதனால் ஒ. 2013இல் இந்தத் தீவுப் பெயரும், தெற்குத் தீவின் டெ வைப்பொஉநமு, அதாவது பச்சைக்கல் நீர் என்ற பெயரும் அதிகாரபூர்வமாயின. மண்ணுக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு சாதாரணச் சொற்களிலேயே இருக்கிறது. ஃபெநுஅ என்றால் நிலம், நஞ்சுக்கொடியும் ஃபெநுஅதான். நஞ்சுக்கொடியை ஊர் மண்ணில் புதைப்பது வழக்கம். நாம் தொப்புள்கொடி உறவு என்பதை அவர்கள் மண்ணோடு வைத்துச் சொல்கிறார்கள். ஹப்பூ என்றால் கிளைக்குலம், கர்ப்பம். இவி என்றால் பெருங்குலம், எலும்பு.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நேயர்களுக்குப் பாதி விடை இப்போதே தெரியும். மலாயில் கண் மாத்தா, மாவோரியில் மட்ட. மீன் ஈக்கான், இக்க. ஐந்து லீமா, ரிம. இறப்பது மாத்தி, மட்டெ. வானம் லாஙிட், ரஙி. வழி ஜாலான், அர. பேன் இரண்டிலும் குட்டு! மலாயும் மாவோரியும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தின் தூரத்துச் சகோதரிகள். ஒலி மாற்றம் விதிப்படி நடக்கிறது. ல வந்த இடத்தில் ர, கடைசி மெய் உதிர்வது. உறவுக்குச் சான்று இந்த ஒழுங்குதான். வைட்டஙியைக் கேட்டுவிட்டு 'தாங்கி' என்ற தமிழ்ச்சொல் அதில் இருக்கிறதே என்று மகிழ்வது உறவு ஆகாது. ஓரிரு சொல் ஒத்துப்போவது எந்த இரண்டு மொழிக்கும் நேரும். குடும்பத்துக்கு வெளியே உண்மையான தொடர்பு என்றால், சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு அவர்கள் சொல்லும் கூமர. அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவுக்குரியது. அங்குள்ள மக்களின் மொழியிலும் அதற்கு இதை ஒத்த பெயர் இருக்கிறது. மாவோரிகளை உள்ளடக்கிய பாலினேசியர் பெருங்கடலின் அந்தக் கரையோடு தொடர்பு கொண்டிருந்தார்கள் என்பதற்குக் கிழங்கும் பெயரும் சேர்ந்து சான்று சொல்கின்றன.

ஆங்கிலச் சொற்களையும் மாவோரி தன் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொண்டது. இரண்டு மெய் சேர்ந்து வரக் கூடாது. சொல் மெய்யில் முடியக் கூடாது. ல, ட-வின் மென்மையான ஒலி, இவை ர ஆகும். ஸ, ஷ, ஜ, ச எல்லாம் ஹ ஆகும். ப-வின் மென்மையான ஒலி வல்லின ப ஆகும். இந்த விதிகளை வைத்துக்கொண்டு ஷீப் ஹிப்பி ஆவதையும், மில்க் மிரக்க ஆவதையும், வில்லியம் விரெமு ஆவதையும் நீங்களே செய்து பார்க்கலாம். சிட்னி நகருக்கு அவர்கள் சொல்வது பொஇஹாக்கெந. சிட்னியிலிருந்து வரவில்லை, போர்ட் ஜாக்சன் என்ற துறைமுகப் பெயரிலிருந்து வந்தது. கப்பலில் போன மாவோரிகள் கேட்ட பெயர் அது. 1987இல் மாவோரி ஆட்சிமொழியானது. மொழி ஆணையமும் அமைந்தது. புதுச்சொற்கள் சொந்த வேரிலிருந்தே பிறக்க வேண்டும் என்ற பிடிப்பு வலுத்தது. கணினிக்கு ரொரொஹிக்கொ. ரொரொ மூளை, ஹிக்கொ மின்னல், மின்சாரம். மின்மூளை!

நேயர்களே, வெலிங்டனில், டர என்பவரின் அந்தப் பெருந்துறைக் கரையில், தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. டெ பப்ப டொஙரெவ, அருஞ்செல்வங்களின் பெட்டி. பலகை என்று மேலே சொன்ன பப்பதான் இங்கே பலகையால் செய்த பெட்டி. அதற்குள் உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. 1836 வாக்கில், வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவச் சபை அச்சாளர், ஃபஙாரெஇ பக்கத்தில் மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். பெருமரம் ஒன்று சாய்ந்தபோது வேரடியில் கிடைத்தது என்றார்கள். ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். மணியின் விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து: 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி.'

பக்ஷ் என்ற பெயர் வக்குசு ஆனதைப் பாருங்கள். மெய்யில் முடியாமல் ஓர் உகரம் சேர்ந்து, கூட்டெழுத்து பிரிந்து, வாய்க்கு எட்டாத ஒலி பக்கத்து ஒலியாகி. வில்லியம் விரெமு ஆன வழியும் இதுதான். அந்த வரியை மாவோரியில் சொல்லிப் பார்ப்போம். கப்பல் கைப்புக்கெ, ஆளைச் சுமப்பது, அதனால் உடையவருக்கு ஒ. மணிக்கு அவர்கள் சொல்லும் சொல் பெரெ. ஆங்கிலச் சொல்லில் ப வல்லினமாகி, ல ர ஆகி, கடைசியில் ஓர் உயிர் சேர்ந்தது. மணி கப்பலின் ஒரு பகுதி, அதனால் அங்கும் ஒ. தமிழில் இரண்டு 'உடைய' வருகிற இடத்தில் மாவோரியிலும் இரண்டு ஒ: டெ பெரெ ஒ டெ கைப்புக்கெ ஒ முகைய்யதீன் வக்குசு.

வணக்கம்.